கலாநிதியாகாத ஒரு பேராசிரியர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்துவடிவம்)



இத்தொடரிலே எனக்கு முன்னர் உரையாற்றியவர்கள் கவிஞர்களைப் பற்றிப் பேசினார்கள். நாவலாசிரியர்களைப் பற்றியும் பழைய உரையாசிரியர்களைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டவரோ கவிஞருமல்லர், கதாசிரியருமல்லர். ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர். அதிலும், தொலைக்காட்சிச் செய்தியையும் திரைப்படத்தையும் தெருவிலே திரியும் இளைஞரின் உடையலங்காரத்தையும் பாடப்பொருளாக்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்தவர். இலக்கியத் தொடரில் இவருக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஏறக்குறைய இதே கேள்வியை அவருடைய பல்கலைக்கழகத்து ஆங்கிலத் துறையினர் 1964ஆம் ஆண்டிலேயே கேட்டுவிட்டார்கள். அந்தக் கதையைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

அவருடைய பெயர் ஸ்ருவேட் ஹோல். ஜமெய்க்காவிலே பிறந்து இங்கிலாந்திலே வாழ்ந்து 2014இல் மறைந்தவர். ஊடகவியல், பண்பாட்டுக் கற்கைகள் என்று இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே கற்பிக்கப்படும் துறைகளை உருவாக்கியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர்.

நான் அவரைத் தேடிப் படித்தது ஆராய்ச்சி ஆசையினால் அன்று. ஒரு மாணவனாலேயே அது நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பதினோராந் தரத்து மாணவர்களுக்கு ‘என்னைக் கவர்ந்த கவிஞர்’ என்ற தலைப்பிலே ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தேன். முப்பத்தெட்டுக் கொப்பிகள் வந்தன. முப்பத்தேழில் பாரதியும் பாரதிதாசனும் வழிகாட்டி நூலிலிருந்து அப்படியே இறங்கியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் திரைப்படப் பாடலாசிரியர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் ஏராளம். தன் அம்மம்மா இறந்த அன்று அயல்வீட்டு வானொலியிலே அந்தக் கவிஞரின் பாட்டொன்று கேட்டதாகவும், நிறுத்தச் சொல்ல ஒருவர் எழுந்தபோது தன் அம்மா, வேண்டாம், பாடட்டும் என்று தடுத்ததாகவும் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையினால் ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பிலே அதைச் சொல்லியும் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் பாரதியைப் பற்றி வழிகாட்டி நூலிலிருந்து பார்த்தெழுதிக்கொண்டு வந்தான். இருபதுக்குப் பதினான்கு புள்ளி போட்டேன்.

இதைச் சொல்லிவைத்துக்கொண்டு பேராசிரியரிடம் வருகிறேன்.

ஹோல் 1932ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஜமெய்க்காவின் தலைநகராகிய கிங்ஸ்ரனிலே பிறந்தார். ஜமெய்க்கா அப்போது பிரித்தானியக் குடியேற்ற நாடு. தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்த சமுதாயம் அது. அவருடைய தந்தையார் யுனைட்டட் புரூட் கம்பனி என்ற பெரிய வாழைப்பழ நிறுவனத்திலே கணக்காளராகப் படிப்படியாக உயர்ந்தவர். தாயார் பழைய தோட்டத்துரைகளின் பெருமையைத் தமதாகக் கொண்டவர். குடும்பத்திலே மிகவும் கறுத்த பிள்ளை ஹோல். அவர் பிறந்தபோது தமக்கையார் தொட்டிலை எட்டிப் பார்த்து, இந்தக் கூலிக் குழந்தையை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாராம். வீட்டார் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம் என்று ஹோல் பின்னாளில் கூறியிருக்கிறார்.

‘கூலி’ என்ற சொல் ஜமெய்க்காவுக்கு எவ்வாறு போயிற்று? 1845ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களோடு போயிற்று. எங்கள் மலையகத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இச்சொல்லின் பாரத்தை நான் விளக்கவேண்டியதில்லை. கடல் கடந்தும் அந்த வசை உயிரோடிருந்தது. இந்தியரல்லாத ஒரு வீட்டுத் தொட்டிலின்மேலும் விழுந்தது.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. ஹோலுக்குப் பதினேழு வயதானபோது அதே தமக்கையார் மருத்துவ மாணவர் ஒருவரை விரும்பினார். மாணவர் பாபடோஸ் தீவைச் சேர்ந்தவர், நடுத்தர வர்க்கத்தவர், ஆனால் கறுப்பர். பெற்றோர் தடுத்தனர். தமக்கையார் மனநிலை குலைந்து, மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு ஆளாகி, அதிலிருந்து முழுமையாக மீளவேயில்லை. சமுதாயத்தின் அமைப்பு என்பது வெளியே தெருவில் மாத்திரம் இருப்பதன்று, அது வீட்டுக்குள்ளும் மனத்துக்குள்ளும் குடியிருப்பது என்பதைத் தாம் நூல்களிலே படிப்பதற்கு முன்னர் தம் தமக்கையிடம் கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். பண்பாடு என்றாற் கலையும் சிற்பமும் என்று எண்ணுகின்ற நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். யாரை யார் மணம் செய்யலாம் என்று தீர்மானிக்கின்ற ஒன்று எங்கள் வீடுகளுக்குள்ளும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக் கடந்து செல்கிறேன்.

1951இல் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட்டின் மேட்டன் கல்லூரிக்கு வந்தார். ஆங்கில இலக்கியம் கற்றார். நல்ல தேர்ச்சி. ஹென்றி ஜேம்ஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியரைப் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வையும் தொடங்கினார். 1956ஆம் ஆண்டு வந்தது. சோவியத் படைகள் ஹங்கேரிக்குள் புகுந்தன. பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் சுயெஸ் கால்வாயை முன்னிட்டு எகிப்தைத் தாக்கின. இரண்டு பக்கத்தையும் ஏற்க முடியாத இளைஞர்கள் சிலர் சேர்ந்து 1957இல் ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள். அதுவே 1960இல் மற்றொரு சஞ்சிகையோடு இணைந்து ‘நியூ லெஃப்ற் றிவியூ’ ஆயிற்று. அதன் முதலாவது ஆசிரியர் ஹோல். ஹென்றி ஜேம்ஸ் ஆய்வு அப்படியே நின்றுபோயிற்று. அதை அவர் திரும்ப எடுக்கவேயில்லை. பிற்காலத்திலே எத்தனையோ பேருக்குக் கலாநிதிப் பட்ட ஆய்வை வழிநடத்திய இவர், தாமாக எழுதிப் பெற்ற கலாநிதிப் பட்டம் எதுவும் இல்லாதவர். அவருடைய பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்று போட்டது பல்கலைக்கழகங்கள் மனமுவந்து வழங்கிய கௌரவப் பட்டங்களைக் கொண்டுதான்.

ஆய்வைக் கைவிட்டவர் சோற்றுக்கு என்ன செய்தார்? பாடசாலை ஆசிரியரானார். நேயர்களே, அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. 1950களின் இறுதியில் தென் லண்டனிலே ‘செக்கண்டரி மொடேர்ன்’ எனப்பட்ட பாடசாலை ஒன்றிலே, வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் பதில் ஆசிரியர் வேலை. அக்காலத்து இங்கிலாந்திலே பதினொரு வயதில் ஒரு பரீட்சை வைப்பார்கள். தேறியவர் கிராமர் பாடசாலைக்குப் போவர். தேறாதவர் இந்தப் பாடசாலைக்கு வருவர். நம்முடைய ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். ‘உன்னால் முடியாது’ என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு முன்னால், ஹென்றி ஜேம்சின் நுணுக்கங்களைக் கரைத்துக் குடித்த ஒருவர் வந்து நின்றார். அந்தப் பிள்ளைகளின் மனம் நிறையச் சினிமாவும் ரொக் அன் ரோல் இசையுமே இருந்தன.

1958இல் லண்டன் நொட்டிங்ஹில்லிலே மேற்கிந்தியருக்கு எதிரான கலவரம் மூண்டது. தம்முடைய மாணவர்கள் சிலர் மாலைவேளைகளில் ரயிலேறி அங்கு சென்று கறுப்பின மக்களைப் பார்த்துக் கூச்சலிடுவதை ஹோல் அறிந்தார். மறுநாள் வகுப்பிலே கேட்டார். அவர்கள் எங்கள் வீடுகளையும் வேலைகளையும் பறிக்கிறார்கள் என்றார்கள் பையன்கள். அதே வகுப்பிலே இருந்த கறுப்பினச் சிறுவர்களைக் காட்டி, இவர்களையா சொல்கிறீர்கள் என்று கேட்டாராம். இல்லை சேர், இவர்கள் எங்கள் ஆட்கள் என்று பதில் வந்ததாம். எதிரே கறுப்பர் ஒருவரே ஆசிரியராக நிற்கிறார் என்பதும் அவர்களுக்குத் தோன்றவில்லை. பக்கத்து வாங்கிலிருக்கும் பையன் நண்பன். பத்திரிகையிலும் வாய்ப்பேச்சிலும் உருவாகும் ‘அவர்கள்’ எதிரி. இந்த ‘அவர்கள்’ எங்கே, யாரால், எவ்வாறு உற்பத்தியாகிறார்கள் என்ற கேள்வியே அவருடைய பிற்கால ஆய்வு முழுவதினதும் விதை என்பது என் எண்ணம்.

1961இல் லண்டனில் செல்சி கல்லூரியிலே திரைப்படமும் ஊடகமும் கற்பிக்கும் விரிவுரையாளரானார். 1964இல் படி வனல் என்பவரோடு சேர்ந்து ‘த பொப்பியூலர் ஆர்ட்ஸ்’ என்ற நூலை எழுதினார். வெகுசனக் கலைகளை வகுப்பறையிலே எப்படிக் கையாள்வது என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல எழுந்த நூல் அது. சினிமா கெட்டது, நாவல் நல்லது என்று பிரித்து மாணவனைச் சினிமாவிலிருந்து மீட்டெடுப்பது அக்காலத்து ஆசிரியர் வழக்கம். இன்றும் அதுவே வழக்கம், அடியேன் உட்பட. ஹோலும் வனலும் வேறொன்றைச் சொன்னார்கள். சினிமாவுக்குள்ளேயே நல்லதும் உண்டு, போலியும் உண்டு. ஜாஸ் இசைக்குள்ளும் அப்படியே. ஒரு கலையை இன்னொரு கலைக்கு எதிராக நிறுத்தாமல், மாணவன் நேசிக்கின்ற கலைக்குள்ளேயே தரம் பிரிக்க அவனுக்குத் துணைநில்லுங்கள் என்றார்கள். எல்லாப் பாட்டும் நல்ல பாட்டே என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மதிப்பீட்டைக் கைவிடச் சொன்னவர்களல்லர்; மதிப்பீடு எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று காட்டியவர்கள்.

அதே 1964இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியர் றிச்சாட் ஹொகார்ட் ‘சமகாலப் பண்பாட்டுக் கற்கைகள் நிலையம்’ ஒன்றை நிறுவினார். தொழிலாளர் குடும்பத்திலே பிறந்து, தம் மக்களின் வாசிப்பையும் பாட்டையும் பேச்சையும் பற்றி 1957இல் ஒரு புகழ்பெற்ற நூல் எழுதியவர் அவர். நிலையத்துக்குப் பணம் வந்த வழி சுவையானது. டி. எச். லோறன்சின் ‘லேடி சற்றலீஸ் லவர்’ நாவலை வெளியிட்டதற்காகப் பென்குயின் நிறுவனத்தின்மீது 1960இல் ஆபாச வழக்குத் தொடரப்பட்டபோது, நாவலுக்குச் சார்பாகச் சாட்சி சொன்னவர்களுள் ஹொகார்ட் முக்கியமானவர். பென்குயின் வென்றது. அதன் அதிபர் அலன் லேன் பின்னர் இந்த நிலையத்துக்கு நன்கொடை வழங்கினார். அந்தப் பணத்திலேதான் ஹோல் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

தொடக்கத்திலே குறிப்பிட்ட கதைக்கு இப்போது வருகிறேன். நிலையம் திறக்கப்பட்ட அன்றே இரண்டு கடிதங்கள் வந்தனவாம். ஒன்று ஆங்கிலத் துறையினருடையது: உங்களை வரவேற்க இயலவில்லை, எங்கள் வேலைக்குக் குறுக்கே வராமல் இருந்தாற் போதும் என்பது அதன் சாரம். மற்றது சமூகவியலாளர்களுடையது, சற்றுக் காரமானது: ஹொகார்ட்டின் நூலைப் படித்திருக்கிறோம், நீங்கள் செய்வது சமூகவியல் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள் என்றது. இலக்கியத்துக்கும் சேராமல் சமூகவியலுக்கும் சேராமல் ஒரு துறை பிறந்தது.

இதே பல்கலைக்கழகத்திலே, இதே 1960களின் நடுப்பகுதியிலேதான், எங்கள் பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய தமது கலாநிதிப் பட்ட ஆய்வை மேற்கொண்டார்கள். தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, பத்திரிகையின் வலிமையை அனுபவத்தால் அறிந்தவர் அவர். பின்னர் பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்களும் அங்கேயே பண்டைத் தமிழர் நாடகத்தை ஆய்ந்து கலாநிதியானார்கள். அவர்கள் சென்றது வேறு துறை, வேறு ஆசான். ஆயினும் இலக்கியத்தை அது பிறந்த சமுதாயத்தோடு சேர்த்தே படிக்கவேண்டும் என்ற காற்று அந்த வளாகத்திலே வீசிய காலம் அது என்று எண்ணுகையில் ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

1960களின் இறுதியில் ஹொகார்ட் யுனெஸ்கோவுக்குச் சென்றார். நிலையத்தின் பொறுப்பு ஹோலிடம் வந்தது. அடுத்த பத்தாண்டுகளே அந்த நிலையத்தின் பொற்காலம். ஆசிரியர் தொகை மூன்றைத் தாண்டியதில்லை. பாடத்திட்டம் இல்லை, பாடநூல் இல்லை. துறையே இல்லாதபோது பாடநூல் எங்கிருந்து வரும்? ஆசிரியரும் மாணவரும் வட்டமாக இருந்து படித்தார்கள், கூட்டாக எழுதினார்கள், ரோனியோ செய்த தாள்களாக வெளியிட்டார்கள். ரோனியோ இயந்திரத்தின் மையை விரலில் பூசிக்கொண்ட பழைய ஆசிரியர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் முறுவல் செய்வார்கள். உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் அவருடைய மிகப் புகழ்பெற்ற கட்டுரை 1973இல் அப்படி ஒரு தாளாகவே வெளிவந்தது.

தொலைக்காட்சி பற்றிய கட்டுரை அது. அதன் சாரத்தை மாத்திரம் சொல்கிறேன். ஒலிபரப்பாளர் ஒரு செய்தியை ஆக்கும்போது அதற்குள் ஒரு பொருளை வைத்துப் பொதி கட்டுகிறார். கேட்பவர் அந்தப் பொதியை அவிழ்க்கிறார். கட்டியவர் வைத்த பொருளே அவிழ்த்தவர் கையில் கிடைக்கும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. அவிழ்ப்பதில் மூன்று நிலைகளை ஹோல் காட்டினார். சொன்னதைச் சொன்னபடியே ஏற்பது ஒன்று. பொதுவிலே ஏற்றுக்கொண்டு, என் விஷயத்தில் இது பொருந்தாது என்று விலக்குக் கேட்பது இன்னொன்று. முற்றாகத் தலைகீழாக்கிப் படிப்பது மூன்றாவது. சம்பள உயர்வைக் கட்டுப்படுத்துவது தேசிய நலன் என்று தொலைக்காட்சி சொல்லும்போது, தேசிய நலன் என்ற இடத்திலெல்லாம் முதலாளிகளின் நலன் என்று மாற்றிக் கேட்கும் தொழிலாளி இந்த மூன்றாம் வகை.

பேர்மிங்ஹாமிலே எழுதிய இதை விளங்கிக்கொள்ள எனக்கு அகராதி தேவைப்பட்டது, உதாரணம் தேவைப்படவில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே வளர்ந்த சிறுவன் நான். மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்போம். சுற்றுவது சிறுவர் வேலை. எங்கள் முற்றத்திலே இரவு கூடுகின்ற பெரியவர்கள் மூவரை இப்போதும் நினைவிருக்கிறது. ஒருவர் ஓய்வுபெற்ற அரசாங்க லிகிதர். கொழும்பு வானொலி சொன்னால் வர்த்தமானியில் வந்த மாதிரி அவருக்கு. இன்னொருவர், செய்தி சரிதான், ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படி நடக்கவில்லை என்பார். மூன்றாமவர் சொல்லப்பட்ட தொகையை எத்தரப்பு வானொலி சொன்னது என்று பார்த்துப் பெருக்குவார் அல்லது பிரிப்பார். பிறகு பி.பி.சி. தமிழோசையைக் கேட்டுத் தம் கணக்கைச் சரிபார்ப்பார். பெடல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் ஸ்ருவேட் ஹோலின் கட்டுரைக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியாது.

இம்மூன்று பிரிவும் சற்று அதிகமாக ஒழுங்காகவே இருக்கின்றன என்பது என் குறை. குறையை நிலையத்தாரே சோதித்தும் பார்த்தார்கள். டேவிட் மோர்லி என்ற ஆய்வாளர் ‘நேஷன்வைட்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டி, என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டு 1980இல் நூலாக்கினார். தொழிலாளர் என்றால் இப்படி, வங்கி முகாமையாளர் என்றால் அப்படி என்று எதுவும் இலகுவில் பிரியவில்லை. கறுப்பின மாணவர் குழுக்கள் சில நிகழ்ச்சியை ஏற்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று பேசாதிருந்துவிட்டார்கள். மூன்று நிலைகளுள் எதிலும் அடங்காத நிலை இது. வகுப்பறையின் கடைசி வாங்கை அறிந்த எந்த ஆசிரியருக்கும் இந்த மௌனம் பழக்கமானது.

1972 நவம்பரிலே பேர்மிங்ஹாமின் ஹான்ஸ்வேர்த் பகுதியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவரை மூன்று சிறுவர்கள் தாக்கிப் பறித்தார்கள். அவர் படுகாயமடைந்தார். பறித்தது முப்பது பென்சும் சில திறப்புகளும் ஐந்து சிகரெட்டுகளும். 1973 மார்ச்சில் ஒரு பையனுக்கு இருபது ஆண்டுகளும் மற்ற இருவருக்குப் பத்துப் பத்து ஆண்டுகளும் தண்டனை விதிக்கப்பட்டன. பத்திரிகைகள் இவ்வகைக் குற்றத்துக்கு ‘மக்கிங்’ என்ற சொல்லை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்திருந்தன. வழிப்பறி இங்கிலாந்துக்குப் புதியதன்று, சொல் புதியது. அந்தச் சொல்லோடு ‘கறுப்பு இளைஞன்’ என்ற படமும் சேர்ந்தே வந்தது. ஹோலும் மாணவர்கள் நால்வரும் ஆண்டுக்கணக்கிலே பத்திரிகைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் வாசகர் கடிதங்களையும் தொகுத்து, ஒரு சொல் எவ்வாறு ஒரு நாட்டின் பயமாக வளர்ந்தது என்பதை 1978இல் ‘பொலிசிங் த கிறைசிஸ்’ என்ற பெருநூலாக எழுதினார்கள். அட்டையிலே ஐவர் பெயர். நீண்ட நூல், பிற்பகுதி கடினமானது, கோட்பாட்டுச் சுமை அதிகம். ஆனால் அதன் முதல் நான்கைந்து அத்தியாயங்களைப் பத்திரிகையாளராக விரும்பும் ஒவ்வொரு மாணவனும் படிக்கவேண்டும் என்பேன். ஒரு சொல்லின் வரலாற்றை எழுதுவது தமிழாசிரியனுக்கும் உரிய வேலைதானே.

அந்த வட்டமான வகுப்பறையிலும் எல்லாம் இனிமையாக நடந்தேறியது என்று சொல்லமாட்டேன். நிலையத்திலே படித்த பெண்கள், இங்கு எல்லாரும் சமம் என்கிறீர்கள், எதை ஆய்வது என்று தீர்மானிப்பவர் யார் என்று கேட்டார்கள். 1978இல் தாங்களே ஒரு நூலும் வெளியிட்டார்கள். பெண்ணியத்தை வரவேற்கத் தாம் ஆயத்தமாகவே இருந்ததாகவும், ஆனால் அது கதவைத் தட்டாமல், இருட்டிலே வீடு புகுபவர் போல வந்து எல்லாவற்றையும் கலைத்தபோது தாமும் மூத்த ஆணாகவே எதிரே நிற்க நேர்ந்ததென்றும் ஹோல் பின்னர் ஒளிவில்லாமல் எழுதினார். பதவியை விட்டு நீங்க நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். ஒரு பேராசிரியர் தம் அதிகாரத்தைத் தாமே கண்டு வெட்கியதை இவ்வாறு எழுதி நான் அதிகம் படித்ததில்லை.

1979இல் திறந்த பல்கலைக்கழகத்தின் சமூகவியற் பேராசிரியரானார். சமூகவியலிலே அவருக்கு ஒரு பட்டமும் இல்லை. நம் நாட்டுத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. பிரித்தானியாவினது 1969இல் நிறுவப்பட்டு 1971இல் மாணவரைச் சேர்த்தது. நுழைவுத் தகுதி கேட்பதில்லை. தாதியர், சாரதிகள், இல்லத்தரசிகள், சிறையிலிருந்தவர்கள் என்று யாரும் படிக்கலாம். கல்விப் பின்புலம் இல்லாதவர்களுக்குத் தம் கருத்துகளைச் சொல்லிப் பார்க்க விரும்பியதாலேயே அங்கு சென்றதாக அவர் கூறினார். விரிவுரைகள் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையிலே, மற்றவர்கள் உறங்கும் நேரத்தில், நள்ளிரவுக்கு முன்பின்னாகவோ அதிகாலையிலோ ஒளிபரப்பாகின. பட்டம் பெற எண்ணமில்லாது, உறக்கம் வராமல் தொலைக்காட்சியைப் போட்டவர்களும் அவரைக் கேட்டார்கள். தொலைக்காட்சியை ஆராய்ந்தவருக்குத் தொலைக்காட்சியே வகுப்பறை ஆயிற்று. 1997இல் ஓய்வுபெறும் ஆண்டிலே அவரும் சகாக்களும் உருவாக்கிய பாடநூல்களுள் ஒன்று சோனி வோக்மனைப் பற்றியது. காதிலே கொளுவிக்கொண்டு பாட்டுக் கேட்கும் அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து, அதை வடிவமைத்தவர், விளம்பரம் செய்தவர், ஆக்கியவர், கேட்டுத் திரிந்தவர் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்து முழுப் பண்பாட்டையும் அதற்குள் காட்டினார்கள்.

அவர் அரசியலும் எழுதினார். 1979 ஜனவரியில், மார்க்கிறெட் தட்சர் ஆட்சிக்கு வர நான்கு மாதங்கள் இருந்த நிலையில், நடக்கப்போவது வழமையான ஆட்சிமாற்றமன்று, மக்களின் பொதுப்புத்தியையே மாற்றும் முயற்சி என்று எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. இடதுசாரிகள் பலருக்கு அப்போது அது பிடிக்கவில்லை.

பதவியுயர்வுக்கு வெளியீட்டுப் பட்டியல் கேட்கும் நம் காலத்திலே இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆய்வு நூல் என்று தனியொருவராக எழுதிய ஒன்றுகூட அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1988இல் வந்ததும் அரசியற் கட்டுரைகளின் தொகுப்பே. மற்றவையெல்லாம் கூட்டு நூல்கள், சஞ்சிகைக் கட்டுரைகள், விரிவுரைகள், ரோனியோத் தாள்கள். வாழ்க்கை நினைவுகள் நூலானதும் மறைவுக்குப் பின்னர், 2017இல்தான். இன்றைய அளவுகோலிலே அவர் சிரேட்ட விரிவுரையாளராவதே கடினம். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2001இல் நடந்த ஆய்வுத்தர மதிப்பீட்டிலே எதிர்பார்த்த தரம் கிடைக்கவில்லை என்பதைக் காரணங்காட்டி, அவர் வளர்த்த நிலையத்தின் வழிவந்த துறையைப் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 2002இல் மூடிவிட்டது. மாணவர் நிறைந்திருந்த துறை அது. உலகெங்கிலுமிருந்து எதிர்ப்புக் கடிதங்கள் போயின. பயனில்லை.

2005இல் பிரித்தானியக் கழகத்தின் உறுப்பினரானார். நீண்டகாலச் சிறுநீரக நோயோடு போராடி 2014 பெப்ரவரி 10ஆந் திகதி, எண்பத்திரண்டாம் வயதிலே காலமானார்.

என் மாணவனிடம் திரும்புகிறேன். அவன் சாதாரணதரத்தோடு பாடசாலையை விட்டு நீங்கினான். இப்போது நகரத்திலே கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான். சென்ற மாதம் என்னுடைய தொலைபேசியைத் திருத்தக் கொண்டுபோனேன். ‘சேர், இருங்கோ’ என்று தன் கதிரையைத் தந்து நின்றுகொண்டே வேலை செய்தான். மேசையின் ஓரத்திலே மெல்லிய ஒலியில் ஒரு பழைய பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. தம்பி, அம்மம்மாவின் செத்தவீட்டிலே கேட்டதாக எழுதினாயே, அந்தப் பாட்டிலே எந்த வரி வந்தபோது அம்மா வேண்டாம் என்று தடுத்தவ என்று கேட்டேன். அவன் திருகாணியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அந்த வரியைச் சொன்னான். ஏன் அந்த வரி என்றும் சொன்னான். கடைக்கு வேறு ஆட்கள் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.